துருக்கியர் களைந்த சொற்கள்

1927 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15 ஆம் நாள் முதல் 20 ஆம் நாள் வரை, துருக்கிக் குடியரசின் தலைவர் முஸ்தபா கமால் அங்காரா நகரில் தம் கட்சி மாநாட்டின்முன் ஏறத்தாழ 36 மணி நேரம் உரையாற்றினார். விடுதலைப் போரின் வரலாற்றை அப்போரை நடத்தியவரே எடுத்துரைத்த அவ்வுரை, ‘நுதுக்’ என்னும் பெயரால் நூலாக வெளிவந்தது. நுதுக் என்பது பேருரை எனப் பொருள்படும் அரபுச் சொல். 1963 ஆம் ஆண்டில் துருக்கி மொழிக் கழகம் அதே நூலை மீண்டும் பதிப்பிக்கத் தொடங்கியபோது அதன் பெயர் ‘சொய்லெவ்’ என மாறியிருந்தது. பெயர் மட்டுமன்று, உள்ளிருந்த மொழியும் மாறியிருந்தது. துருக்கி மொழியில் ஆற்றப்பட்ட உரையைத் துருக்கி மொழிக்கே பெயர்த்தாலன்றி இளைஞர் படித்தறிய இயலாத நிலை, முப்பத்தாறே ஆண்டுகளில் வந்துவிட்டது. தந்தை கேட்டு மெய்சிலிர்த்த உரையை மகன் அகராதியின் துணைகொண்டு படிக்க நேர்ந்தது எங்ஙனம்?

உதுமானியப் பேரரசின் காலத்தில் அரசவையிலும் ஏட்டிலும் வழங்கிய மொழி மும்மொழிக் கலவையாக இருந்தது. வினையும் வேற்றுமையும் துருக்கியருடையவை. பெயர்ச்சொற்களுள் மிகப் பல அரபியருடையவை. தொடர்களைப் பிணைத்த முறையோ பாரசீகருடையது. கற்றோர் இதனைப் பெருமையாகக் கருதினர். அனத்தோலிய உழவனுக்கோ, தன் மன்னனின் ஆணையை எவரேனும் படித்துக் காட்டினாலும் அதன் பொருள் புரியாது. 1911 ஆம் ஆண்டில் சலோனிக்கா நகரில் வெளிவந்த ‘இளம் எழுதுகோல்கள்’ என்னும் இதழில், எழுத்தாளர் ஒமெர் செய்பெத்தின் ‘புதிய மொழி’ என்ற கட்டுரை வாயிலாக இந்நிலைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். அவர் கேட்டது அளவானதே. மக்கள் வாயில் புகுந்து பழகிய அரபுச் சொற்கள் இருக்கட்டும். அயல் இலக்கணம் மட்டும் போகட்டும் என்றார். அந்த அளவோடு நின்றிருந்தால் இவ்வரலாறு வேறாக அமைந்திருக்கும்.

1923 இல் குடியரசு பிறந்தது. 1924 இல் கலீபா பதவி ஒழிக்கப்பட்டது. 1928 நவம்பர்த் திங்கள் முதல் நாள் அரபு எழுத்து நீங்கி இலத்தீன் எழுத்து சட்டமாயிற்று. துருக்கி மொழியின் எட்டு உயிரொலிகளை அரபு எழுத்து செவ்வையாகக் காட்டவியலாது என்பது மெய். எழுதப் படிக்க அறிந்தோர் அந்நாளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே என்பதும் மெய். ஆயினும் கல்வி நோக்கம் மட்டுமே இதற்குக் காரணமெனக் கொள்ளுதல் பொருந்தாது. பழைய பேரரசோடும் அதன் சமய ஆட்சியோடும் இருந்த தொடர்பை அறுப்பதே புதிய அரசின் குறிக்கோள். எழுத்து அத்தொடர்பின் முதற் கண்ணி; சொல் அடுத்த கண்ணி. 1929 இல் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து அரபும் பாரசீகமும் நீக்கப்பட்டன. அதன்பின் வளர்ந்த மாணவன், தன் பாட்டனின் சொற்களுக்கு வேர் எங்கே என்று தேடும் வழியையும் இழந்தான்.

1932 சூலைத் திங்களில் மொழிக் கழகம் நிறுவப்பட்டது. அயற்சொற்களைக் களையப் பிறந்த அக்கழகத்தின் பெயரிலேயே ‘தெத்கிக்’, ‘ஜெமியெத்’ என இரண்டு அரபுச் சொற்கள் இருந்தன என்பது நகைப்புக்குரியதே. பெயரைத் திருத்திக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. அவ்வாண்டு செப்டம்பர் 26 ஆம் நாள் இசுதான்புல் தொல்மாபாச்சே அரண்மனையில் முதல் மொழி மாநாடு கூடியது. தொடர்ந்து சொல் வேட்டை தொடங்கிற்று. மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழுக்கள் அமைந்தன. ஆசிரியரும் அலுவலரும் சிற்றூர்தோறும் சென்று உழவர் வாய்மொழியைத் திரட்டினர். பழஞ்சுவடிகளும், நடு ஆசியத் துருக்கியரின் கிளைமொழிகளும் துருவப்பட்டன.

இவற்றின் விளைவாக 1934 இல் வெளிவந்த சொற்றிரட்டு, உதவியாக அமையாமல் குழப்பமாக முடிந்தது. எழுதுகோலைக் குறிக்கும் ‘கலெம்’ என்ற அரபுச் சொல்லுக்கு அதில் ஆறு மாற்றுச் சொற்கள் இருந்தன. அன்பளிப்பைக் குறிக்கும் ‘ஹெதியே’ என்ற சொல்லுக்கோ எழுபத்தேழு! எதை எடுப்பது, எதை விடுப்பது? அக்காலச் செய்தித்தாள் அலுவலகங்களில் நடந்ததாகக் கூறப்படும் செய்தி சுவையானது. கட்டுரையாளர் தமக்குத் தெரிந்த பழைய மொழியில் எழுதி முடிப்பார். பிறகு அத்தாள் ‘மாற்றுநர்’ ஒருவரிடம் செல்லும். அவர் சொற்றிரட்டைப் புரட்டி, அரபுச் சொல் இருந்த இடத்தில் கண்ணிற்பட்ட துருக்கிச் சொல்லை இடுவார். அதே வேளையில் அடுத்த தெருவிலுள்ள செய்தித்தாளின் மாற்றுநர் அதே சொல்லுக்கு வேறொன்றை இடுவார். மறுநாட் காலையில் இரண்டு தாள்களையும் வாங்கிய வாசகன் பாடு இரங்கத்தக்கது.

தலைவரும் இவ்விடருக்குத் தப்பவில்லை. 1934 அக்டோபர் 3 ஆம் நாள் சுவீடன் நாட்டுப் பட்டத்திளவரசருக்கு அளித்த விருந்தில் அவர் தூய துருக்கியில் உரையாற்றினார். நாவன்மையால் நாட்டையே அசைத்த அப்பெருமகன், அன்று புதிதாகப் படிக்கக் கற்ற சிறுவனைப்போல் தட்டித் தடுமாறித் தாளைப் பார்த்துப் படித்தார். அந்த ஆண்டு நவம்பரில்தான் அவருக்கு அத்தாதுர்க், அதாவது துருக்கியரின் தந்தை, என்னும் குடும்பப் பெயர் சட்டத்தால் வழங்கப்பட்டது.

வழி முட்டுச்சந்தில் முடிந்ததை அவரே உணர்ந்தார். பின்வாங்குதல் அரசியலில் எளிதன்று. அதற்கு ஒரு கோட்பாடு துணையாக வந்தது. வியன்னாவிலிருந்து கெர்கிச் என்பவர் அனுப்பிய ஆய்வுரை ஒன்றைத் தழுவி எழுந்த ‘கதிரவன் மொழிக் கோட்பாடு’, 1936 ஆம் ஆண்டு மொழி மாநாட்டில் முழங்கப்பட்டது. முதல் மாந்தன் கதிரவனைக் கண்டு எழுப்பிய ஒலியே மொழிகளுக்கெல்லாம் தாய். அவ்வொலி துருக்கியருடையது என்பது அதன் சாரம். அங்ஙனமாயின் அரபுச் சொல்லும் மூலத்தில் துருக்கிச் சொல்லே அன்றோ! வழக்கில் உள்ளதைக் களைய வேண்டியதில்லை. மொழியியலில் இதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அத்தாதுர்க் 1938 இல் மறைந்தபின் இக்கோட்பாட்டைப் பேசுவாரும் இலர். எனினும் எத்தனையோ நல்ல சொற்களை வெட்டுக்குத் தப்புவித்தது இந்தப் பிழையான கோட்பாடுதான்.

மொழிச் சீர்திருத்தம் முழுதும் தோல்வி என்று எண்ணிவிடலாகாது. 1937 இல் பெயர் குறிப்பிடாமல் வெளிவந்த வடிவியல் கைந்நூல் ஒன்றை எழுதியவர் அத்தாதுர்க்கே. அதுவரை துருக்கிச் சிறுவன் முக்கோணத்தை ‘முஸெல்லெஸ்’ என்றும், கோணத்தை ‘ஸாவியே’ என்றும் உருப்போட்டான். சமபக்க முக்கோணத்தின் பெயரோ நாவைச் சுளுக்கும் நீண்ட அரபுத் தொடர். இக்கைந்நூல் மூன்று என்னும் பொருளுள்ள ‘ஊச்’ என்ற துருக்கிச் சொல்லிலிருந்து ‘ஊச்கென்’ என முக்கோணத்திற்குப் பெயரிட்டது. சொல்லைக் கேட்டவுடன் சிறுவனின் மனத்தில் மூன்று பக்கங்கள் தோன்றின. வகுப்பறையில் நின்று பழகியவர்க்கு இதன் அருமை தெரியும். அச்சொற்கள் இன்றும் துருக்கிப் பள்ளிகளில் வழங்குகின்றன. முஆல்லிம் ‘ஒய்ரெத்மென்’ ஆனதும் இவ்வாறே. கற்பித்தல் என்ற வினையிலிருந்து பிறந்த அச்சொல் ஆசிரியனின் தொழிலை வெளிப்படையாகக் காட்டுகிறது.

பள்ளியைக் குறித்த ‘மெக்தெப்’ என்ற சொல்லின் கதை வேறு. மலேசியத் தமிழர்க்கு இச்சொல் புதிதன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் இந்நாட்டில் நெடுங்காலம் ‘மக்தாப்’ என்றே வழங்கின. எழுதுதல் என்ற அரபு வேரினின்று கிளைத்தவை மெக்தெப், கிதாப், மெக்துப், காதிப். அதாவது பள்ளி, நூல், மடல், எழுத்தன். இந்நால்வருள் மெக்தெப் மட்டும் விரட்டப்பட்டு, ‘ஒகுல்’ அரியணை ஏறிற்று. படித்தல் என்ற துருக்கி வினையிலிருந்து வந்தது என்பர். ஆயின் பள்ளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சாயல் அதில் தற்செயலாக விழுந்ததன்று. மற்ற மூவரும் இன்றும் வழக்கில் உள்ளனர். எழுபத்தேழு போட்டியாளரை எதிர்கொண்ட ஹெதியேயும், ஆறு பேரை எதிர்த்த கலெமும்கூட வீழவில்லை. தெலிபோன், ராதியோ, ஒத்தொபூஸ் முதலிய ஐரோப்பியச் சொற்கள்மீது இத்தகைய வேட்டை நடக்கவில்லை. எந்த அயலார் நண்பர், எந்த அயலார் பகைவர் என்பதை முடிவு செய்தது இலக்கணமன்று.

அத்தாதுர்க்குக்குப் பின்னர்ச் சொல் கட்சிக் கொடியாயிற்று. நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் 1924 முதல் ‘தெஷ்கிலாத்தி எஸாஸியே கானுனு’ என்ற நெடும்பெயரோடு இருந்தது. 1945 சனவரியில் அதன் சட்ட உள்ளடக்கம் மாறாமல் மொழி மட்டும் மாற்றப்பட்டு, ‘அனயாசா’, தாய்ச் சட்டம், எனப் பெயர் பெற்றது. 1950 இல் ஆட்சிக்கு வந்த மெந்தெரெஸின் கட்சி, 1952 திசம்பரில் பழைய மொழியையே திரும்பக் கொணர்ந்தது. 1960 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய மறு ஆண்டில் எழுதப்பட்ட புதிய சட்டம் மீண்டும் அனயாசா ஆயிற்று. பாங்கொலியும் இந்த ஊசலில் அகப்பட்டது. 1932 முதல் துருக்கி மொழியில் ஒலித்த அது, 1941 இல் அரபில் ஒலிப்போர் தண்டிக்கப்படும் அளவுக்குச் சென்று, 1950 சூனில் அரபுக்கே மீண்டது.

1960, 1970 ஆம் ஆண்டுகளில் ஒருவன் புரட்சியை ‘இன்கிலாப்’ என்றானா, ‘தெவ்ரிம்’ என்றானா என்பதைக் கொண்டே அவன் வலமா இடமா என எடைபோட்டனர். மூன்று தலைமுறை வாழ்ந்த ஒரு வீட்டில், பாட்டனும் பெயரனும் ஒரே பொருளை இரண்டு சொல்லால் குறித்து ஒருவரையொருவர் ஐயுற்றனர். 1980 இராணுவப் புரட்சிக்குப்பின் மொழிக் கழகத்தின் தன்னுரிமையும் போயிற்று; 1983 இல் அஃது அரசின் உறுப்பாக்கப்பட்டது. 1985 சனவரியில் அரசு வானொலி, தொலைக்காட்சி நிலையம் தன் ஒலிபரப்பில் 205 சொற்களைத் தடை செய்தது. இம்முறை தடைபட்டவை அரபுச் சொற்கள் அல்ல. மொழிக் கழகத்தின் காலத்தில் பிறந்த புதுச் சொற்கள். தெவ்ரிம் அவற்றுள் ஒன்று. அப்பட்டியலில் இடம்பெற்ற சொற்கள் பலவற்றை அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் தம் தாய்மொழியின் சொல்லென்றே கற்றிருந்தனர். அவை இன்றும் அந்நாட்டில் வழங்குகின்றன.