புளிப்பு: ஒரு சரித்திரக் குறிப்பு

சில வருஷங்களுக்கு முன் பெங்களூரில் ஒரு பீர் விழாவுக்குப் போக நேர்ந்தது. நேர்ந்தது என்று சொல்வது பொய். டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஆசைப்பட்டுத்தான் போனேன். ஒரு மைதானத்தில் வரிசையாகக் கடைகள். ஒவ்வொன்றிலும் சிறிய ஆலைக்காரர்கள் தாங்களே வடித்த பீரைத் தாங்களே குழாயில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, பிடித்தால் முழு தம்ளர் வாங்கலாம். கோதுமையில் செய்தது, ராகி சேர்த்தது, மாம்பழம் சேர்த்தது, காப்பிக்கொட்டை சேர்த்தது. வடித்தவரிடமே எப்படி வடித்தீர்கள் என்று கேட்கலாம் என்பதுதான் அங்கே விசேஷம். கேட்டவர்களுக்கு அவர்கள் சலிக்காமல் பதில் சொன்னார்கள்.

ஒரு கடையில் நின்ற இளைஞர் கலங்கலாக, வைக்கோல் நிறத்தில் ஒன்றைக் கொடுத்து, "இது புளிப்பு சார், எல்லாருக்கும் பிடிக்காது" என்று எச்சரித்தார். பெல்ஜியத்தில், பிரஸ்ஸெல்ஸ் பக்கத்துக் கிராமங்களில் லாம்பிக் என்று ஒன்று வடிக்கிறார்கள். தானியத்தை வேகவைத்து இறக்கிய சாற்றை இரவில் திறந்த தொட்டியில் ஆறவிடுவார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கிற நுண்ணுயிர்களே இறங்கிப் புளிக்கவைக்கும். அதைப் பார்த்துச் செய்தது இது என்றார்.

வாயில் வைத்த மாத்திரத்தில் எனக்கு அது ஏற்கனவே தெரிந்த ருசியாக இருந்தது. 1984ல், ஜீயபுரத்தில், கோடை விடுமுறையின் ஒரு காலையில், வெயில் ஏறுமுன் குடித்த தென்னங்கள்ளின் புளிப்பு. அதேதான் என்று சொல்ல மாட்டேன். அதே குடும்பம். அந்த இளைஞரிடம் இதைச் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். கள் அவர் குடித்ததில்லை.

கள்ளும் காற்றின் வேலைதான். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால், சொட்டுகிற சாறு கலயத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். தொழிற்சாலை மரத்தின் உச்சியில் இருக்கிறது. அப்படியிருக்க, ஒன்றை விளக்கு போட்டு, டிக்கெட் வைத்து, ரகம் ரகமாகப் பெயர் சூட்டிக் கொண்டாட முடிகிறது. மற்றது என் ஊரில் குற்றம். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

*

அன்று அந்த மைதானத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது இந்தியா பேல் ஏல் என்கிற ரகம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்ஜ்ஸன் என்பவரின் ஆலையும், 1820களுக்குப் பிறகு பர்ட்டன் ஊர் ஆலைகளும், கூடுதலாக ஹாப்ஸ் சேர்த்து, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிய பீரின் வாரிசு அது. கல்கத்தாவிலும் சென்னையிலும், நம் திருச்சி கண்டோன்மென்ட் போன்ற படைநிலைகளிலும் இருந்த வெள்ளைக்காரர்களின் தாகத்துக்காகப் பிறந்தது. அந்தப் பெயரில் இந்தியா என்பது குடித்தவர்கள் இருந்த இடம். வடித்தவர்களின் ஊர் அல்ல. இப்போது அது இங்கே வடிக்கப்பட்டு நம்முடையது என்ற பாவனையில் நமக்கே விற்கப்படுகிறது. நம் இலக்கிய நவீனத்துவத்தைப் பற்றியும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அது வேறு சண்டை.

இந்த விழாக்களின் மூலம் தேடிப் போனால் 1971க்கு வருகிறோம். அந்த வருஷம் மார்ச்சில், அயர்லாந்தின் கெர்ரி பகுதிக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கில இளைஞர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெரிய ஆலைகள் ஊர் ஊராக இருந்த சிறிய ஆலைகளை விழுங்கி, வடிகட்டி, சூடுகாட்டி, வாயு ஏற்றி, எல்லா ஊரிலும் ஒரே ருசியாக பீரை ஆக்கிவிட்டன என்பது அவர்கள் புகார். பீப்பாயிலேயே உயிரோடு புளித்துக்கொண்டிருக்கும் பீர் வேண்டும் என்பது கோரிக்கை. கேம்ரா என்ற அந்தச் சங்கம் 1975ல் லண்டன் கோவன்ட் கார்டனில் ஒரு பீர்க் கண்காட்சி நடத்தியது. 1977ல் தேசிய விழாவை ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1978ல் வீட்டில் பீர் வடிப்பதைச் சட்டம் அனுமதித்தது. 1982ல் அங்கேயும் ஒரு பெரிய விழா தொடங்கியது. 2016ல் பெல்ஜியத்தின் பீர்க் கலாச்சாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அதே 1971ன் ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்து, கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1973ல் கள்ளுக்கடைகளையும் 1974ல் சாராயக்கடைகளையும் அதே அரசு மூடிற்று. அங்கே குடிக்கிறவன், தான் குடிப்பது என்ன என்று கேட்டான். இங்கே பேச்சு முழுவதும் குடிக்கலாமா கூடாதா என்பதிலேயே நின்றுவிட்டது. என்ன குடிக்கிறோம், யார் வடித்தது, எந்த மரத்தில், எத்தனை மணிக்கு என்ற கேள்விகள் ஒழுக்கக்கேடானவை ஆகிவிட்டன.

*

நமக்கு அந்தக் கேள்விகள் எப்போதுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கும் விருந்து சொல்லப்படுகிறது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற பாத்திரத்தில் ஆற்றி, உரைகாரர் நெல்முளை என்று பொருள் சொல்லும் பொருளைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் நன்றாக விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள். பண்டிதர்கள் இந்த இடத்தில் சொற்பொருள் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நிதானமாகப் படித்தால் இது ஒரு செய்முறை. முளைத்த தானியத்தில் இருக்கிற ஒரு சத்து மாவைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். வாற்கோதுமையை முளைக்கவைத்து ஐரோப்பியன் செய்வது இதையேதான். ஆக, பீர் என்பதற்கு நம்மிடம் சொல் இல்லையே தவிர, பொருள் இருந்திருக்கிறது. சொல்லும் இருந்தது. வீட்டில் அரிசியால் ஆக்கிய மதுவுக்குத் தோப்பி என்று பெயர். நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல் என்று மற்றவை. இத்தனை சொற்களை ஒரு சமூகம் வெறுமனே வைத்துக்கொள்ளாது. இதே புலவரின் பட்டினப்பாலையில், காவிரி கடலில் சேரும் இடத்தில், கள் விற்கும் வீட்டு வாசலில் கொடி பறக்கிறது.

சென்னைக் கடற்கரையின் மீனவர் குப்பங்களில் சோற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சுண்டக்கஞ்சி மதுவிலக்கு நாட்களிலும் ஒளிந்து வாழ்ந்தது. பழைய பாட்டிலும் வலைஞர், இங்கேயும் மீனவர். நடுவே சங்கிலி இருந்ததென்று நான் நிரூபிக்கப் போவதில்லை. இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான். ஜார்க்கண்ட், ஒடிஸா பழங்குடிகளிடம் ஹண்டியா என்றும், நாகர்களிடம் ஸுதோ என்றும் அரிசி மது இன்னும் விழாவுக்கு உரியதாகவே இருக்கிறது. நாம்தான் மறந்தோம். மறக்கவைக்கப்பட்டோம் என்றும் சொல்லலாம்.

*

கள்ளுக்கு ஒரு குணம், அது காத்திருக்காது. காலையில் இறக்கியது மாலைக்குள் கடுத்துவிடும். மேலும் விட்டால் காடி. ஆகவே அது பயணம் போகாது. மரம் இருக்கிற ஊரில், இறக்கியவனின் முகம் தெரிந்து, அன்றைக்கே குடிக்க வேண்டிய பொருள். அரசாங்கத்துக்கு இது பெரிய தொந்தரவு. 1886ன் சென்னை ஆப்காரிச் சட்டம் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், இறக்குவதற்கு லைசென்ஸ் என்று இதை வளைத்துப் பிடித்தது. பனையேறிக்கும் குடிப்பவனுக்கும் நடுவில் ஏலக்காரன் வந்து உட்கார்ந்தான். கலப்படமும் கடனும் அவனோடு வந்தன. தேசிய இயக்கம் கண்டது இந்தக் கடையைத்தான். ஒத்துழையாமை நாட்களில் பெரியார் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். போகிற வருமானத்துக்கு ஈடாக 1939ல் விற்பனை வரி வந்தது. 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.

1981ல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளையும் சாராயத்தையும் மறுபடி அனுமதித்தது. நான் ஜீயபுரத்தில் குடித்தது அந்த இடைவெளியில்தான். 1983ல் டாஸ்மாக் ஏற்பட்டது. 1987 ஜனவரியோடு கள், சாராயம் இரண்டும் நின்றன, பாட்டில் நிற்கவில்லை. 2003ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. 2023-24ல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பனை இன்று மாநில மரம். அதன் சாறு நூற்றுக்கு நாலைந்து பங்கு போதையோடு கலயத்தில் இருந்தால் குற்றம், 42.8 பங்கோடு பாட்டிலில் இருந்தால் வருமானம். கேரளத்திலும் புதுச்சேரியிலும் அதே மரம், அதே சாறு, சட்டத்துக்கு உட்பட்டது. மதுவிலக்கு குடியை ஒழிக்கவில்லை என்பது பழைய பேச்சு. அது ஒழித்தது ஊரை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

கள்ளை நான் புனிதமாக்குகிறேன் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இல்லை. கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவனிடம் அடிவாங்கிய பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பானையும் பாட்டிலும் ஒன்றுதான். இறக்கியவனைத் தெருவுக்குள் விடாத ஜாதி, அவன் இறக்கியதைத் தோப்புக்குப் போய்க் குடித்தது. பழைய நாட்களின் பீர்க் கொண்டாட்டம் போல ஒரு கள் விழாவைக் கற்பனை செய்து பார்ப்பவர், அந்தப் பந்தியில் பனையேறி எங்கே உட்காருவான் என்பதையும் சேர்த்துக் கற்பனை செய்ய வேண்டும். ஆனால் ஊரின் மது போனபின் வந்தது நிதானம் அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வடித்தவன் முகம் தெரியாத மது எதுவாகவும் இருக்கலாம்.

*

ஜீயபுரம் திருச்சிக்கு மேற்கே, கரூர் ரோட்டில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. வாழையும் தென்னையும் உள்ள ஊர். பங்குனித் திருவிழாவின் மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் பல்லக்கில் இங்கே வருகிறார். கதை எல்லோருக்கும் தெரியும். முகம் மழித்துக்கொள்ளப் போன ரங்கன் என்ற பேரன் காவிரியில் அடித்துப் போகப்பட்டான். பாட்டி கரையில் நின்று அழுதாள். பெருமாளே பேரனாக வந்து அவள் வைத்த பழைய சோற்றைச் சாப்பிட்டார். உண்மைப் பேரன் திரும்பி வந்ததும் மறைந்தார். அதன் நினைவாக அன்றைக்கு இங்கே அவருக்குப் பழைய சோறும் மாவடுவும் நிவேதனம். அக்காரவடிசல் சாப்பிடுகிற தெய்வம் வருஷத்தில் ஒரு நாள் இந்த ஊருக்கு வந்து புளித்ததைச் சாப்பிடுகிறது.

பெங்களூரிலிருந்து திரும்பியபின் வந்த பங்குனியில் நான் அந்தக் கூட்டத்தில் நின்றேன். முன்பு எத்தனையோ தடவை நின்றதுதான். அப்போதுதான் தோன்றிற்று: சோறு, தண்ணீர், பானை, ஒரு இரவு. இதோடு நெல்முளையும் இன்னொரு இரவும் சேர்ந்தால் அது வலைஞர் வீட்டு விருந்து. கோயில் எடுத்துக்கொண்ட புளிப்புக்கும் சட்டம் தள்ளிய புளிப்புக்கும் இடையில் இருப்பது அவ்வளவுதான். கோயிலுக்குள் வராத தெய்வங்களுக்குக் கள்ளே படைத்தார்கள். ஊருக்கு வெளியே கருப்பு கோயிலில் இப்போது குவார்ட்டர் பாட்டில் வைக்கிறார்கள். மூடியைத் திறந்து வைக்கிறார்கள், அந்த மரியாதை மிச்சம் இருக்கிறது.

1984ல் எனக்குக் கள் ஊற்றியவரை அன்று சாயங்காலம் தேடிப் போனேன். 87க்குப் பிறகு அவர் வாழைத்தார் சுமந்தார். பிறகு அதுவும் முடியவில்லை. மார்பில் மரம் உராய்ந்த காய்ப்பு மட்டும் போகாமல் இருந்தது. பெங்களூர்க் கதையைச் சொன்னேன். ஒரு தம்ளர் நானூறு ரூபாய் என்றதை அவர் நம்பவில்லை.

"புளிச்சதுக்கா?" என்றார்.

"புளிச்சதுக்குத்தான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மரம் அதேதான் தம்பி. பாளையும் அதேதான். கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநி. தடவலைன்னா போலீசு."

எப்போது சீவ வேண்டும், எந்தப் பாளை எத்தனை நாள் சுரக்கும், பழைய கலயத்தை எதற்காகக் கழுவித் தீர்த்துவிடக் கூடாது என்றெல்லாம் கேட்டேன். பெங்களூரில் அந்த இளைஞர் சொன்னதுபோலவே சலிக்காமல் சொன்னார். அவருடைய பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திருப்பூரில் வேலை, விழாவுக்கு வந்தவன். அவனும் இதையெல்லாம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. பெரியவர் பேச்சை நிறுத்திக்கொண்டு, "இனிமே இவனுக்கு எதுக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் திறந்தபோது நுரை கட்டி, லேசான வாசனையோடு இருந்தது. சாப்பிட்டேன். அதை இன்னொரு இரவு விட்டுவைக்கக் கூடாது என்பது சட்டம். விட்டுவைத்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.