தங்கம் விளைந்த ஊரில் தங்கத்துக்குக் கட்டுப்பாடு

தங்கவயல்காரர் என்று தெரிந்தவுடன் வெளியூர் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க ஊர்ல தங்கம் மலிவா கிடைக்குமாமே?" என்பதுதான். கிடைத்ததே இல்லை. பூமிக்கடியிலிருந்து தங்கம் எடுத்த நம் ஊரில், ஒரு கிராம் தங்கத்தைக் கையில் வைத்திருப்பவர் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டியிருந்தது. சுரங்கத்திலிருந்து களவு போனதோ என்ற சந்தேகம் எப்போதும் உண்டு.

1870களில் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. முதலீடு லண்டன் பங்குதாரர்களுடையது, உழைப்பு பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்களுடையது. மைசூருக்கு ராயல்டி, லண்டனுக்கு லாபப் பங்கு. இந்த வரலாறு பலரும் எழுதியது. சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் அதிகம் எழுதவில்லை.

1947இல் அந்நியச் செலாவணிச் சட்டம் வந்து, தங்க இறக்குமதி ஏறக்குறைய நின்றது. வெளியிலிருந்து வராத பொருளுக்கு உள்ளே விலை ஏறும். இது வியாபாரத்தின் அரிச்சுவடி. சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும், 1962 டிசம்பரில் மத்திய அரசும் எடுத்துக்கொண்டன. அந்த ஆண்டுகளில் சுரங்கத் தங்கம் பன்னாட்டு நாணய நிதியம் ஏற்றுக்கொண்ட விலையில் அரசுக்கே போனது. அன்பர்கள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவுன்சுக்கு 35 டாலர், டாலருக்கு 4 ரூபாய் 76 காசு, அவுன்சு என்பது 31.1 கிராம். பத்து கிராமுக்கு 53 ரூபாய் சொச்சம் வரும். அதே 1962இல் கடைத்தெருவில் பத்து கிராம் சுமார் 120 ரூபாய். 1966 ரூபாய் மதிப்புக் குறைப்புக்குப் பின் சர்க்கார் விலை 84 ரூபாய் சொச்சம் ஆனது. 1968இல் கடை விலை 160ஐத் தாண்டியது. நடுவில் இருந்த தொகை துபாயிலிருந்து கள்ளத்தோணியில் வந்த தங்கத்துக்குக் கூலியாயிற்று.

ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியதும், ஆரம்பத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது மெல்ல மெல்லக் குறைந்ததும் உண்மைதான். ஆனால் சரக்கைப் பாதி விலைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, "கடை நஷ்டத்தில் ஓடுது" என்றால் எந்த வியாபாரி ஒத்துக்கொள்வான்?

சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரி 9இல், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. புது நகை 14 கேரட்டுக்கு மேல் கூடாது. அதாவது 24 பங்கில் 14 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். தாலியை அப்படிச் செய்ய எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஆசாரிகளின் உலை அணைந்தது. நாட்டில் பல ஊர்களில் பொற்கொல்லர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அப்பா ஒரு வாரம் கடை திறக்கவில்லை; பிறகு பித்தளைப் பாத்திரம் வாங்கி அடுக்கினார். 14 கேரட் விதி 1966இல் போயிற்று.

ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்துவிட்டது. கட்டித் தங்கம் தனியார் வைத்திருக்கக் கூடாது. நகை தனியாளிடம் 2 கிலோவுக்கு மேல், குடும்பத்திடம் 4 கிலோவுக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். (நம் லைன் வீடுகளில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை!) நகை வியாபாரத்துக்கு லைசென்சு. இதை எதிர்த்து ஹரக்சந்த் ரத்தன்சந்த் பாந்தியா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1969 தீர்ப்பில் சில பிரிவுகள் செல்லாது என்றார்கள். "வியாபாரி தகுதியானவரா", "பொதுநலமா" என்று அதிகாரி மனம்போல் பார்த்து லைசென்சு தருவது தெளிவற்றது என்பது அதில் ஒன்று. சட்டம் மட்டும் நின்றது.

அப்பா லைசென்சு எடுத்தார். நாங்கள் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். ஜெயினர் என்றாலே மார்வாடி என்று நினைத்து எங்களையும் "சேட்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். 1977, எனக்குப் பதினேழு வயது. ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி கம்மலை அழித்துச் செய்யக் கொடுத்தார். "சீட்டு எழுதிடறேன், இரும்மா" என்றார் அப்பா. "பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்துடுவான் சேட்டு, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று போய்விட்டார். அன்று மாலையே சோதனை. பதிவேட்டில் இல்லாத ஆறு கிராம்! பறிமுதல், வழக்கு, அபராதம். அந்த அம்மாவின் பெயரை அப்பா கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் சுரங்கத் தங்கமா என்று கணவன் வேலைக்கே உலை வைப்பார்கள். "என் வீட்டுக் கம்மல், எழுத மறந்துட்டேன்" என்றார்.

மறுவாரமே அதே எடையில் வேறு கம்மல் செய்து, இந்த முறை சீட்டுப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து, பண்டிகைக்கு வந்த நாலைந்து குடும்பங்கள் வேறு கடைக்குப் போகாமல் எங்களிடமே வந்தன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

1990 ஜூனில் சட்டம் ரத்தானது. 1992இல் வெளிநாடு வாழ் இந்தியர் 5 கிலோ வரை கொண்டுவர வழி பிறந்தது. அத்தோடு கள்ளக் கடத்தலுக்கு மவுசு போயிற்று. கட்டு அவிழ்ந்த பதினோராவது ஆண்டு, 2001 பிப்ரவரி 28இல், நம் சுரங்கம் மூடப்பட்டது.

அந்தக் காலத்துப் பதிவேடுகள் பரணில் இருக்கின்றன. அபராதம் கட்டித் திரும்பி வந்த கம்மலை அப்பா வரவு எழுதிய பக்கத்தில், வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் எங்கள் அம்மா பெயர் இருக்கிறது.