நோயில்லாத கண்ணில் கத்தி

கண்புரைக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சை மிகப் பழையது. கூரிய கருவியால் புரையை ஒதுக்கித் தள்ளும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதையே விவரிக்கிறது. அங்கே மருத்துவருக்கு ஒரு தைரியம் இருந்தது. பார்வை ஏற்கெனவே போய்விட்டது, இனி இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கிட்டப்பார்வை அப்படியல்ல. கண்ணாடி போட்டால் எல்லாம் தெரிகிறது. அந்தக் கண்ணை எதற்கு அறுக்க வேண்டும்?

மைனஸ் ஐந்து பவரோடு திரியும் என்னிடம், "லேசிக் பண்ணிக்கோயேன், பத்து நிமிஷ வேலைதானே" என்று சொல்லாத நண்பர்கள் குறைவு. பத்து நிமிஷம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்வது முன்னால் இருக்கும் கார்னியா. கிட்டப்பார்வையில் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கார்னியாவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் குவியம் பின்னால் நகர்ந்து சரியாகிவிடும். தத்துவம் இவ்வளவுதான்.

1930களின் இறுதியில் தோக்கியோவில் சுதோமு சாட்டோ என்ற மருத்துவர் இதற்கொரு துப்பைக் கண்டுபிடித்தார். கெரட்டோகோனஸ் என்றொரு நோய் உண்டு. கார்னியா மெலிந்து கூம்புபோலப் பிதுங்கும். அதன் உட்சவ்வு கிழிந்து ஆறிய சிலருக்குக் கார்னியா தட்டையாகியிருந்தது. அப்படியென்றால் நாமே கீறிவிட்டால்? அவர் கார்னியாவின் முன்புறத்திலும் உட்புறத்திலும் ஆரம்போல் கீறல்கள் போட்டார். பார்வை மேம்பட்டது. பல நூறு பேர் பயனடைந்ததாகவே தோன்றியது.

கார்னியாவின் உட்புறத்தில் ஒரேயொரு அடுக்குச் செல்கள் இருக்கின்றன. நீரை வெளியேற்றிக் கார்னியாவைத் தெளிவாக வைத்திருக்கும் பம்ப் அவைதான். மனிதர்களுக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அன்றைக்கு இது யாருக்கும் சரியாகத் தெரியாது. பத்து, இருபது வருஷம் கழித்து அந்த நோயாளிகளின் கார்னியாக்கள் வரிசையாக வீங்கி மங்கின. கண்ணாடி போட்டு நன்றாகப் பார்த்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்.

1970களில் மாஸ்கோவில் ஸ்வியாத்தோஸ்லாவ் ஃபியோதரவ் அதே யோசனையைத் திருத்தி எடுத்தார். முன்புறம் மட்டும் கீறல், நடுப்பகுதியைத் தொடுவதில்லை. நோயாளிகளை நகரும் படுக்கைகளில் வரிசையாகக் கிடத்தித் தொழிற்சாலைபோல ஆபரேஷன் நடந்தது. இந்த முறை அமெரிக்காவுக்கும் போனது. அங்கே நடந்த நீண்டகால ஆய்வின் பத்து வருட முடிவு 1994இல் வந்தது: 43 சதவீதக் கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன. கீறல்கள் கார்னியாவைப் பலவீனமாக்கியிருந்தன. 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் ஏறிக்கொண்டிருந்த அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர். உயரத்தின் ஆக்ஸிஜன் குறைவில் கார்னியா உருமாறி, சிகரத்துக்குக் கீழே பார்வையில்லாமல் நின்றுவிட்டார். புயல் வந்தது. உயிர் பிழைத்தார், வலது கை போய்விட்டது.

இன்னொரு பாதை கொலம்பியாவில் இருந்தது. பொகோட்டாவில் ஹோசே பராக்கர் கார்னியாவின் மேல்தட்டைச் சீவியெடுத்து, உறைய வைத்து, லேத் பட்டறையில் இரும்பைக் கடைவதுபோலக் கடைந்து, திரும்பத் தைத்தார். யோசனை அபாரம். கைக்கும் கருவிக்கும்தான் அந்த நுட்பம் போதவில்லை.

அந்த நுட்பம் வந்த கதையில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். 1929இல் மதராஸில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பர் 27, 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகைக்கு மறுநாள். வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் எக்ஸைமர் லேசரில் காட்டினார். கருகலே இல்லாமல் சுத்தமான வெட்டு. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் திசுவின் வேதிப்பிணைப்புகளை உடைத்து ஆவியாக்குகிறது; பக்கத்தைச் சுடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகத்தான் சுரண்டுகிறது. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீஃபன் ட்ரோகெலும் அவரும் சேர்ந்து, கார்னியாவில் இது வேலை செய்யும் என்று காட்டினார்கள்.

1988இல் மார்கெரீட் மெக்டொனால்டு பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதன்முதலாக இந்த லேசரைப் பயன்படுத்தினார். அது புற்றுநோயால் சில நாட்களில் அகற்றப்படவிருந்த ஒரு பெண்ணின் கண். போகப்போகிற கண்ணை யாருக்கோ பயன்படட்டும் என்று அவர் கொடுத்தார். இந்த வரலாற்றில், என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்து கண்ணைக் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் கிரீட் தீவில் பலிகாரிஸ், கார்னியாவில் ஒரு மூடியைத் திறந்து, அடியில் லேசர் செலுத்தி, மூடியை மூடினார். அதுதான் லேசிக்.

முடிந்ததா? 1998இல் புதிய எச்சரிக்கை வந்தது. லேசிக் செய்த சில கண்களில் கார்னியா பலமிழந்து கூம்புபோலப் பிதுங்க ஆரம்பித்தது. சாட்டோ துப்புப் பிடித்த அதே வடிவம்!

அதனால்தான் இன்று ஆபரேஷனுக்கு முன்னால் கார்னியாவின் கனத்தை அளக்கிறார்கள். மேடு பள்ளத்தைக் கலர் கலரான வரைபடமாக எடுக்கிறார்கள். பவர் நிலையாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் திருப்தியாக இருப்பதற்குக் காரணம், லேசர் அளவுக்கே, சிலரைத் திருப்பி அனுப்பும் இந்தச் சோதனைகளும்தான். என் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பண்ணிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அந்த ரிப்போர்ட்டை மட்டும் சடங்காக நினைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால், "வேற இடத்துல பண்ணிக்கிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள்.