லாபிஸ்: செம்பனையும் சூழல் எல்லையும்

லாபிஸ் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தில் உள்ள சிறு நகரம். தென்னிந்தியத் தமிழர் பால்மரம் வெட்டிப் பிழைத்த தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகிவிட்டன. மனிதர் நல்வாழ்வையும் பூமியின் தாங்குதிறனையும் ஒருசேரக் காப்பது எப்படி என்ற கேள்வி இங்கே அன்றாடத் தோட்ட வேலையிலேயே எழுகிறது.

உயர்ந்த மரத்தின் குலையை நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளால் அறுப்பர். சிதறும் உதிரிப் பழங்களைக் கையால் பொறுக்குவர். வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு இடையே அடுக்கினால் மண்ணரிப்பு குறையும், அவை மட்கி உரமாகும். எலிக்கு நஞ்சு வைப்பதற்குப் பதிலாகக் கூட்டுப் பெட்டி அமைத்துக் கூகை வளர்க்கும் தோட்டங்களும் மலேசியாவில் உண்டு. எளிய வழி இது.

ஒரு ஹெக்டேரில் மற்ற எண்ணெய்ப் பயிர்களைவிடச் செம்பனை பன்மடங்கு எண்ணெய் தரும். ஆனால் காட்டை அழித்து நட்டால் அந்தச் சிறப்புக்குப் பொருளில்லை. காடு மரங்களுக்கு மட்டும் உரியதல்ல: அருகிலுள்ள பெக்கோக் ஊர் வழியாகச் சென்றடையும் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பகுதி, ஜக்குன் பழங்குடியினரின் வாழிடமும்கூட.

நாட்டில் பாதி நிலமாவது காடாக இருக்கும் என்று மலேசியா 1992 ரியோ மாநாட்டில் உறுதியளித்தது. செம்பனைப் பரப்புக்கு 65 லட்சம் ஹெக்டேர் வரம்பை 2019இல் அறிவித்தது, எம்.எஸ்.பி.ஓ. எனும் மலேசிய நிலைபேறான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். தொழிலாளர் நலனும் இச்சான்றிதழின் நிபந்தனைகளுள் ஒன்று. குலை சுமப்பவரின் கூலியும் குடியிருப்பும் காட்டுக்கு நிகரான அக்கறைக்கு உரியவை.

சூழலின் எல்லையை நினைவூட்டுவதுபோல, சிகாமட் மாவட்டத்தை 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் பெருவெள்ளம் சூழ்ந்தது.