அஸ்ஸாமின் அந்நியர் பிரச்சினை: நிரூபணச் சுமை கைமாறிய வரலாறு

நாட்டின் எல்லையைச் சர்க்கார் காக்கத் தவறிவிட்டது என்று குடிகள் கொள்ளும் சினத்தைப் பற்றி எழுதப் புகுவோர், பெரும்பாலும் வேலியையும் காவற்படையையுமே அளந்து பார்த்து முடிவுக்கு வந்துவிடுகின்றனர். அஸ்ஸாமின் சென்ற நூறாண்டு வரலாற்றை ஊன்றிப் படிக்கிறவருக்கோ, அந்தச் சினத்தின் வேர் எல்லைக்கோட்டில் மட்டும் இல்லை என்பது புலப்படும். ஒருவன் அந்நியன் என்று நிரூபிக்கும் கடமை குற்றம் சாட்டுகிறவனைச் சார்ந்ததா, அல்லது தான் அந்நியன் அல்லன் என்று நிரூபிக்கும் கடமை குற்றம் சாட்டப்பட்டவனைச் சார்ந்ததா என்ற கேள்விக்கு, காலத்துக்கு ஒரு விடையை ஆட்சியாளர்கள் கூறிவந்ததே அம்மாகாணத்தாரின் தீராத அதிருப்திக்கு முதற்காரணம் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

குடியேற்றம் தொடங்கியபோது அது சட்டவிரோதமாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மைமன்சிங் முதலான கிழக்கு வங்க ஜில்லாக்களில் ஜமீன்தார்களின் வாரத்துக்கும் வட்டிக்கும் தாக்குப்பிடிக்க மாட்டாத முஸ்லிம் உழவர்கள், பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கின் தரிசு நிலங்களையும் ஆற்றிடைத் திட்டுகளையும் நாடி வந்தபோது, நிலவரியும் சணல் விளைச்சலும் பெருகுவதைக் கண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களை மனமுவந்து வரவேற்றனர். உள்ளூரார் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகு, 1920-ல் நவ்காங் ஜில்லாவில் ‘கோட்டு முறை’ என்ற ஏற்பாடு புகுந்தது. வந்தவர் இந்தக் கோட்டுக்கு அப்பால் நிலம் கொள்ளலாகாது என்று கிராமத்துக்குள்ளேயே ஓர் எல்லை வகுத்தது அம்முறை. மாகாணத்தின் எல்லையை விரியத் திறந்து வைத்துவிட்டு வயல்வெளியில் கோடு கிழித்த இந்த விநோதத்தைப் பிற்கால ஆட்சிகளும் பல உருவங்களில் தொடர்ந்தன என்பது என் கருத்து. அஸ்ஸாமில் 1931-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த மல்லன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, இக்குடியேற்றத்தைப் படையெடுப்புக்கு ஒப்பிட்டு அறிக்கை எழுதினார். அதை எழுதத் துணிந்த அரசாங்கத்துக்கு, அந்தக் குடியேற்றத்தால் கிடைத்த வரியைத் திருப்பித் தர மட்டும் மனம் வரவில்லை. நாற்பதுகளில் மாகாண ஆட்சி நடத்திய சாதுல்லாவின் மந்திரிசபை, உணவு உற்பத்தியைப் பெருக்குதல் என்ற பெயரால் மேய்ச்சல் ஒதுக்கு நிலங்களையும் குடியேறியவர்களுக்குத் திறந்துவிட்டபோது, நிலப்பிரச்சினை அரசியல் பிரச்சினையாயிற்று.

1947-ல் தேசப்பிரிவினை நிகழ்ந்தது. அதுவரை ஜில்லாவிலிருந்து ஜில்லாவுக்குப் போகிறவனாக இருந்த உழவன், ஒரே இரவில் தேசத்திலிருந்து தேசத்துக்குக் கடப்பவனானான். 1950-ல் அஸ்ஸாமிலிருந்து குடியேறிகளை வெளியேற்றுவதற்கென்றே பாராளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டு குடிமக்கள் பதிவேடு ஒன்றும் தயாரிக்கப்பட்டது. சாலிஹா முதன்மந்திரியாக இருந்த அறுபதுகளில், போலீஸார் மும்முரமாகத் தேடிப்பிடித்து, மாநில அரசின் கணக்குப்படி சுமார் 1,78,000 பேரை எல்லைக்கு அப்பால் அனுப்பினர். அந்த வேகத்தில் இந்நாட்டுப் பிரஜைகள் சிலரும் துரத்தப்படுகின்றனர் என்ற முறையீடு எழுந்ததன் பயனாகவே, 1964-ல் வெளிநாட்டவர் தீர்ப்பாயங்கள் தோன்றின. பின்னர் 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி இந்தியாவுக்குள் வந்த சுமார் ஒரு கோடி அகதிகளில் அஸ்ஸாமை அடைந்தவர் அனைவரும் போர் முடிந்ததும் திரும்பிவிடவில்லை என்ற எண்ணம் அங்கே வேரூன்றிற்று.

1978 அக்டோபரில் நம் உதகமண்டலத்தில் கூடிய தேர்தல் அதிகாரிகள் மாநாட்டில், தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த ஷக்தர், வடகிழக்கு மாநிலங்களின் வாக்காளர் பட்டியல்களில் அந்நியர் பெயர்கள் மிகுந்துவருவதாக எச்சரித்தார். நீலகிரியில் பேசியது சில மாதங்களில் அஸ்ஸாமின் மங்கல்தோய் தொகுதியில் எதிரொலித்தது. 1979-ல் அத்தொகுதியின் லோக்சபை உறுப்பினர் காலமானதை அடுத்து இடைத்தேர்தலுக்காகப் பட்டியலைச் சோதித்தபோது, பல்லாயிரம் பெயர்கள்மீது ஆட்சேபம் கிளம்பிற்று. அகில அஸ்ஸாம் மாணவர் சங்கம் அவ்வாண்டு ஜூன் 8-ஆம் தேதி கதவடைப்பு நடத்தியது. பிரபுல்ல குமார் மகந்தாவும் பிருகு குமார் புகனும் தலைமை தாங்கிய கிளர்ச்சி, அஸ்ஸாமின் எண்ணெய் வெளியே செல்லாதபடி தடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. பட்டியலைத் திருத்தாமல் வாக்குப்பதிவு கூடாது என்று ஜனங்கள் உறுதியாக நின்றதால், 1980 பொதுத்தேர்தலில் அஸ்ஸாமின் 14 தொகுதிகளில் 12-ல் தேர்தலே நடைபெறவில்லை.

1983 பிப்ரவரியில் மத்திய அரசு அதே பட்டியலைக் கொண்டு சட்டசபைத் தேர்தலை நடத்தியே தீருவது என்று பிடிவாதம் காட்டியது. பிப்ரவரி 18-ஆம் தேதி நெல்லியைச் சூழ்ந்த கிராமங்களில், வங்காள மொழி பேசும் முஸ்லிம்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், சில மணி நேரத்துக்குள் வெட்டிக் கொல்லப்பட்டனர். சர்க்கார் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையே 1,819. தொடுத்த வழக்குகள் பின்னர் கைவிடப்பட்டன. ஒருவரும் தண்டனை அடையவில்லை. நியாயமான குறையிலிருந்து பிறந்த ஓர் இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் இதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட்டுச் செல்வது சரித்திர தர்மம் ஆகாது.

அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டவிரோதக் குடியேறிகள் தீர்ப்பாயச் சட்டம் நம் விசாரணையின் மையத்தில் நிற்பது. இந்தியா முழுவதும் வழங்கிய 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டப்படி, தான் வெளிநாட்டவன் அல்லன் என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவனின் கடமை. அஸ்ஸாமுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ அக்கடமையை முறையிடுகிறவன் தலையில் வைத்தது. அது மட்டுமன்று; முறையிடுகிறவன் சந்தேகத்துக்கு உரியவனின் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசிப்பவனாக இருத்தல் வேண்டும், பிரமாணப் பத்திரங்களை இணைத்தல் வேண்டும், கட்டணமும் செலுத்துதல் வேண்டும் என்றெல்லாம் விதித்தது. 1988-ல் இந்நிபந்தனைகள் சற்றுத் தளர்ந்தன எனினும் சட்டத்தின் இயல்பு மாறவில்லை. பொய்க் குற்றச்சாட்டுகளிலிருந்து சிறுபான்மையினரைக் காத்தல் அதன் நோக்கமெனச் சொல்லப்பட்டது. நெல்லிக்குப் பிறகு அத்தகைய காப்புத் தேவையில்லை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆயினும், அயலான் ஒருவனின் பிறப்பையும் வரவையும் வீட்டருகில் வாழும் ஏழை உழவன் தன் கைக்காசைச் செலவிட்டு நிரூபிக்க வேண்டும் என்பது, அரசின் வேலையைக் குடிகளிடம் தள்ளிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதே ஆகும். 2000-ஆம் ஆண்டளவில் கணக்குப் பார்த்தபோது, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட விசாரணைகள் தொடங்கியிருந்தும், சட்டவிரோதக் குடியேறிகள் என்று தீர்ப்பானவர் பதினாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையினரே. அவர்களிலும் வெளியேற்றப்பட்டவர் ஆயிரத்தைந்நூறு பேர் அளவே.

இதற்கிடையே, 1985 ஆகஸ்ட் 15-ல் ராஜீவ் காந்தியின் முன்னிலையில் கையெழுத்தான அஸ்ஸாம் உடன்பாடு, 1971 மார்ச் 24 நள்ளிரவை அந்நியரை வகைப்படுத்தும் கால வரம்பாக வகுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிளர்ச்சித் தலைவர்களே ஆட்சிப்பீடம் ஏறினர். தாங்கள் கண்டித்த சட்டத்தையே தாங்கள் நிர்வகிக்க நேர்ந்த அவர்களால், அதை மாற்றவும் முடியவில்லை, அதைக் கொண்டு எதையும் சாதிக்கவும் முடியவில்லை. எல்லையை அடைப்பதும் எளிதாக இல்லை; டுப்ரி ஜில்லாவில் ஆற்றின் நடுவே ஓடும் எல்லையில் வேலி நட வழியில்லை. திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு தோன்றியும் மறைந்தும் வரும் அந்நதியில் எல்லை எது என்பதே வெள்ளத்துக்கு வெள்ளம் மாறுபடுவது.

மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர் சர்பானந்த சோனோவால் தொடுத்த வழக்கில், 2005 ஜூலை 12-ல் உச்சநீதிமன்றம் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்தது. வெளியிலிருந்து வரும் ஆக்கிரமிப்பினின்றும் மாநிலத்தைக் காப்பது மத்திய அரசின் கடமை என்னும் அரசியலமைப்பின் 355-ஆம் ஷரத்தை அத்தீர்ப்பு ஆதாரமாகக் கொண்டது. அன்று முதல் நிரூபணச் சுமை மறுபடியும் சந்தேகிக்கப்பட்டவன் தோளுக்கு வந்தது. அதைச் சுமக்க நேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால், பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றை அறியாத கிராமத்தார், வெள்ளத்தில் வீட்டோடு பத்திரங்களையும் இழந்தவர்கள், மணமாகி வேறு ஊர் சென்றபின் தந்தையோடு உறவைக் காட்டும் தாள் இல்லாத பெண்கள்.

உச்சநீதிமன்ற மேற்பார்வையில், 1,200 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதுப்பிக்கப்பட்ட குடிமக்கள் பதிவேடு 2019 ஆகஸ்ட் 31-ல் வெளியாயிற்று. விண்ணப்பித்த 3.3 கோடிப் பேரில் 19,06,657 பேர் விலக்கப்பட்டனர். அத்தொகை மிகக் குறைவென்று கிளர்ச்சிக்காரர்கள் சினந்தனர். விலக்கப்பட்டவர்களிடையே வங்காளி ஹிந்துக்களும் கணிசமாக இருந்ததால் ஆளுங்கட்சியும் அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது, தேசத்தின் பிற பகுதிகளில் முஸ்லிம்களை விலக்கியதற்காக எழுந்த கிளர்ச்சி, அஸ்ஸாமில் 1971-க்குப் பின் வந்த ஹிந்துக்களை ஏற்பதை எதிர்த்து எழுந்தது. அங்குள்ளார் குறை மதத்தைச் சார்ந்தது என்று டில்லியில் கருதியவர்களுக்கு, அது பெரிதும் நிலத்தையும் மொழியையும் சார்ந்தது என்று இதைவிடத் தெளிவாக உணர்த்தியிருக்க முடியாது.

2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அஸ்ஸாம் உடன்பாட்டின் கால வரம்பைச் செல்லுமெனப் பெரும்பான்மைத் தீர்ப்பால் உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டின் பதிவேடோ, பதிவாளர் நாயகத்தால் முறைப்படி அறிவிக்கப்படாமலேயே 2024 இறுதிவரை கிடந்தது. அறிவிப்பு வராத வரையில் விலக்கப்பட்டவர்களுக்கு நிராகரிப்பு ஆணை வழங்க இயலாது. அந்த ஆணை கையில் இல்லாமல் அவர்கள் எந்தத் தீர்ப்பாயத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது.