பழைய மோட்டார் எண்ணெய் விளம்பரப் பொருட்கள்

பழைய மோட்டார் எண்ணெய் விளம்பரப் பொருட்கள் என்பவை, வாகன எஞ்சின்களுக்கான உயவு எண்ணெயை விற்பதற்காகச் செய்யப்பட்டு, இன்று சேகரிப்புப் பொருட்களாக மாறியுள்ள எனாமல் பலகைகள், தகர டின்கள், கண்ணாடிப் புட்டிகள் முதலியவை ஆகும். பெட்ரோல் நிலையங்கள் தொடர்பான பிற பழம்பொருட்களுடன் சேர்த்து இவை 'பெட்ரோலியானா' என அழைக்கப்படுகின்றன. இச்சேகரிப்பு அமெரிக்காவில் பரவலாக உள்ளது.

தோற்றம்

1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் அருகே எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார். தொடக்கத்தில் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயே முதன்மை விளைபொருளாக இருந்தது. 1866இல் ஜான் எல்லிஸ் தொடங்கிய நிறுவனம் பின்னர் 'வால்வோலின்' எனப் பெயர் பெற்றது. பிரித்தானியாவில் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் ஆமணக்கு எண்ணெய் கலந்த உயவு எண்ணெயை 1909இல் 'காஸ்ட்ரால்' என்ற பெயரில் விற்றது. ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்தே இப்பெயர் பிறந்தது.

நம்பிக்கையும் கலப்படமும்

எண்ணெயின் தரத்தைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. மோட்டார் வாகனங்களின் தொடக்கக் காலத்தில் எண்ணெய் பீப்பாய்களில் வந்தது. கடைக்காரர் அதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி விற்றார். மலிவான எண்ணெயைப் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரால் விற்போரும் இருந்தனர். ஏமாறியவரின் எஞ்சின் பழுதாகும்; நிறுவனத்தின் பெயரும் கெடும். எனவே கடைவாசலில் தொங்கிய பலகை, விளம்பரமாக மட்டுமன்றி உத்தரவாதமாகவும் அமைந்தது. பென்சில்வேனிய எண்ணெய் உற்பத்தியாளர் சங்கத்தின் பலகைகளில் தூய்மை உறுதிமொழியுடன் அனுமதி எண்ணும் பொறிக்கப்பட்டது.

1930களில் மூடி முத்திரையிட்ட தகர டின்கள் பரவின. மூடியைத் துளைத்தே எண்ணெயை எடுக்க வேண்டியிருந்ததால், வெற்று டின்னை மீண்டும் நிரப்பி ஏமாற்றுவது கடினமாயிற்று. பின்னர் அட்டை உருளைகளும், 1980களில் நெகிழிப் புட்டிகளும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

எனாமல் பலகைகளின் அழிவும் மீட்பும்

இரும்புத் தகட்டின் மீது கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டு இப்பலகைகள் செய்யப்பட்டன. பொதுவாக ஒவ்வொரு நிறமும் தனித்தனியே பூசிச் சுடப்பட்டது. இதனால் பல பத்தாண்டு வெயிலிலும் நிறம் மங்குவதில்லை. ஆனால் பூச்சு உடைந்த இடத்தில் துரு ஏறிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பழைய இரும்பைத் திரட்டியபோது ஏராளமான பலகைகள் உருக்கப்பட்டன. தப்பியவற்றில் பல, விளம்பரமாக மதிக்கப்பட்டதால் அன்றி வெறும் தகடாகப் பயன்பட்டதாலேயே எஞ்சின. கோழிக்கூண்டின் சுவராகவும் கொட்டகைக் கூரையின் ஒட்டாகவும் இருந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் மீட்டெடுத்தனர்.

டல்லசு நகரின் சிறகுக் குதிரை

டெக்சசின் டல்லசு நகரில் மக்னோலியா பெட்ரோலிய நிறுவனக் கட்டடத்தின் உச்சியில் 1934இல் சிவப்பு நியான் விளக்குகளாலான சிறகுக் குதிரை நிறுவப்பட்டது. அது நகரின் அடையாளமாகவே மாறியது. 1999இல் பழுதடைந்த குதிரை இறக்கப்பட்டு, புதிய குதிரை 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒளியூட்டப்பட்டது. நெடுங்காலம் கிடங்கொன்றில் மறந்து கிடந்த பழைய குதிரை மீண்டும் கண்டெடுக்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. 2015 முதல் அது அந்நகரின் விடுதி ஒன்றின் முன் நிற்கிறது.

போலிகளைக் கண்டறிதல்

விலை உயர்ந்ததும் போலிப் பலகைகள் பெருகின. போலி எண்ணெயைத் தடுக்கப் பிறந்த பலகைக்கே இன்று போலி உள்ளது. பழைய பலகையில் நிற அடுக்குகளின் விளிம்பை விரலால் தடவி உணரலாம். ஆணித் துளைகளைச் சுற்றிய தேய்மானமும் உடைசலும் இயல்பாக இருக்கும். புதிய பலகையில் அமிலத்தால் துருவேற்றிப் பழமை காட்டுவதும் உண்டு. மீண்டும் வண்ணம் தீட்டினால் இத்தடயங்கள் மறைந்துவிடும். ஆகவே கிடைத்த நிலையிலேயே பாதுகாப்பதையும், கிடைத்த இடத்தைக் குறித்து வைப்பதையும் அனுபவமிக்க சேகரிப்பாளர்கள் வலியுறுத்துகின்றனர்.