மேடைக் கீபோர்டில் ரிஜிஸ்ட்ரேஷன் அமைப்பு: வடசென்னைக் கச்சேரிகளை முன்வைத்து

அரேஞ்சர் கீபோர்டில் டோன், ஸ்டைல், தாள வேகம், ஒலியளவு, ஸ்பிலிட், ரிவெர்ப், டிரான்ஸ்போஸ் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அடக்கி வைக்கும் வசதிக்கு யமஹா வைத்த பெயர் ரிஜிஸ்ட்ரேஷன் மெமரி. கோர்க் கருவிகளில் இந்த வேலையைக் கீபோர்டு செட்டும் சாங்புக்கும் பங்கிட்டுச் செய்கின்றன. யமஹாவின் பிஎஸ்ஆர்-இ463 போன்ற எளிய கருவியில் 8 பேங்க், பேங்க்குக்கு 4 பொத்தான் என 32 இடங்கள் உண்டு. 2019இல் வந்த பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900இல் பேங்க்குக்கு 10 பொத்தான்கள். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் வட்டாரத்தில் ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரி, கல்யாண வரவேற்பு, தேவாலயத் திருவிழா, கானா மேடை என்று ஒரே கலைஞர் ஒரே கருவியோடு மாறிமாறி வாசிக்க வேண்டியிருக்கும். இத்தகைய மேடைகளுக்கு அமைப்புகளைத் திருத்தும்போது எந்த டோனைச் சேர்ப்பது என்பது இரண்டாவது கேள்விதான். எதை நீக்குவது என்பதே முதல் கேள்வி.

காரணம் கருவியின் பிறவியிலேயே இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் டோனும் ஸ்டைலும் ஒருவர் தனியாக உட்கார்ந்து வாசித்தாலும் நிறைவாகக் கேட்கும்படி செய்யப்பட்டவை. யமஹா ஸ்டைலில் ரிதம் 1, ரிதம் 2, பேஸ், கார்டு 1, கார்டு 2, பேட், பிரேஸ் 1, பிரேஸ் 2 என எட்டுப் பகுதிகள் சேர்ந்து ஒலிக்கின்றன. கானா மேடையிலோ டோலக்கும் ரிதம் பேடும் ஆள் வைத்தே வாசிக்கப்படுகின்றன. பாடகர் உற்சாகத்தில் வேகத்தை ஏற்றினால் டோலக் கூடவே ஓடும். கருவியின் தாளம் போட்ட வேகத்திலேயே நிற்கும். இரண்டு அடிகளும் முன்பின்னாக விழுந்து தாளம் கலங்கிவிடும். ஆகவே கானாவுக்கெனச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் பதிவில் ஸ்டைலையே நிறுத்திவிட்டு, வலக்கைக்கு ஒரு டோனும் இடக்கைக்கு ஒரு பேஸும் மட்டும் வைப்பதே சரி. ரிவெர்ப்பும் அப்படித்தான். குறுகிய தெருவில் இருபுறச் சுவரும் ஒலியைத் திருப்பியடிக்கும்போது, கருவியின் ரிவெர்ப்பும் சேர்ந்துகொண்டால் பாட்டின் சொல்லே புரியாது. தெருக் கச்சேரிக்கு வரும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மோனோ என்பதால், ஒரு பக்கம் ஒதுக்கப்பட்ட ஒலிகளை நடுவுக்குக் கொண்டுவந்து சேமிப்பதும் அவசியம். ஹெட்போனில் கேட்டுச் சேமித்த ஒலியளவை மேடையில் நம்ப முடியாது.

சுருதி இன்னும் கவனம் கேட்கும் விஷயம். நம் பாடகர்கள் சுருதியைக் கட்டையில் சொல்கிறார்கள்: 1 கட்டை என்றால் சி, 5 கட்டை என்றால் ஜி. எல்லாப் பாட்டையும் சி-யிலேயே வாசித்துப் பழகியவர், ஐந்தரைக் கட்டைப் பாடகிக்கு டிரான்ஸ்போஸை +8 என்றும் வைக்கலாம், -4 என்றும் வைக்கலாம். சுருதி ஒன்றுதான், ஆனால் +8இல் வயலினும் குழலும் மெலிந்து கீச்சிடும்; -4இல் குரலுக்கு இடம் விட்டு ஒலிக்கும். இந்த எண் ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியே ஏறிவிடுவதில்தான் ஆபத்து. பல்லவி முடிந்து இடையிசைக்காகக் குழல் பொத்தானை அழுத்தும்போது, அந்தப் பதிவில் டிரான்ஸ்போஸ் 0 என்று இருந்தால் கருவி நடுப்பாட்டில் சுருதி மாறிவிடும். பாடகி நின்றுவிடுவார், பழி வாசிப்பவர் தலையில் விழும். இதைத் தடுக்க யமஹாவின் பெரிய கருவிகளில் ஃபிரீஸ் வசதி இருக்கிறது. டிரான்ஸ்போஸையும் வேகத்தையும் ஃபிரீஸ் செய்துவிட்டால், பொத்தான் மாறினாலும் அவை மாறா.

முன்கூட்டியே சேமித்து வைத்தால் மேடையில் கற்பனை செத்துவிடும் என்பார்கள் சிலர். பாட்டுக்கு ஒரு பதிவு என்று அடுக்கினால் அந்தக் குறை உண்மைதான். ரசிகர் சீட்டு எழுதி அனுப்பும் பாட்டு எந்தப் பேங்க்கிலும் இருக்காது. ஆனால் மெலடி, குத்து, பக்தி, கானா என்று வேலைவாரியாகப் பதிவுகளைப் பிரித்தால், எந்தப் பாட்டு வந்தாலும் நான்கைந்து பொத்தான்களில் சமாளிக்கலாம். ஸ்டைலோடு வரும் ஒன் டச் செட்டிங் போதாதா என்றும் கேட்பதுண்டு. அது அந்த ஸ்டைலுக்குப் பொருந்தும் டோனைத் தரும். பக்கத்தில் டோலக் இருப்பதோ பாடகியின் கட்டையோ அதற்குத் தெரியாது. கானாவுக்கு மின்கருவியே ஒவ்வாது என்ற வாதத்துக்கு, கானாவையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றி 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவே போதுமான பதில்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று: வாடகைக் கருவி வந்தால் சேமித்ததெல்லாம் எதற்கு? ஒரு நிறுவனத்தின் பேங்க் கோப்பை மற்றொரு நிறுவனத்தின் கருவி திறக்காது. பென்டிரைவில் உள்ள ஸ்டைலைச் சுட்டும் பதிவுக்கு அந்தப் பென்டிரைவும் செருகியிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிவின் டோன், ஒலியளவு, ரிவெர்ப் அளவு, ஸ்பிலிட், ஒவ்வொரு பாடகரின் கட்டை ஆகியவற்றை ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீக்கி நீக்கிச் சிறிதாக்கிய பதிவுகள் என்றால், அவற்றைப் புதுக் கருவியில் ஒலிச்சோதனை நேரத்துக்குள் மறுபடி போட்டுவிடலாம்.